கைக்குழந்தையும் குரல் தேர்வும்: மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் பகல் ரயிலில்

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் பகல் ரயிலில்தான் போவேன் என்று நான் சொன்னால், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அன்ரி, பிளேனில ஒண்டரை மணித்தியாலம். ஏன் ஒரு நாள் முழுக்க ரயிலுக்குள்ள இருக்கிறீங்கள்?" பயணத் திட்டம் போடுகிறவர்களுக்குத் தேவையான தகவல்களைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் நேரே அங்கே போய்விடலாம். மற்றவர்களுக்கு, அந்த ரயிலில் நான் முதன்முதலாக ஏறிய கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ஒப்பெரா ஹவுஸ் திறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. என் கணவர் சீலன் கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் களிமண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணில் கட்டடம் எப்படி நிற்கிறது என்பது அவருடைய கவலை. என்னுடைய கவலை ஒப்பெரா, பாட்டாலேயே நடிக்கப்படும் மேலைநாட்டு நாடகம். கொழும்பில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பாடத் தொடங்கிய பெண் நான். மெல்பேர்ணுக்கு வந்த பிறகு பகலில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு, மாலையில் பாட்டு வகுப்பு, சனி ஞாயிறுகளில் யாருடைய கல்யாணத்திலோ மரணச் சடங்கிலோ தேவாலயப் பாட்டு என்று ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் பயிற்சி செய்யும்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். அவர் தட்டுவதற்குள் எத்தனை பாட்டு முடிக்கலாம் என்று எனக்குள்ளே ஒரு போட்டி.

ஒப்பெராவில் தனிப்பாட்டுப் பாடுகிறவர்களின் பின்னால் நின்று சேர்ந்து பாடும் கூட்டத்துக்குக் கோரஸ் என்று பெயர். இளம் பாடகர்கள் பலருக்கு அதுதான் வாசல்படி. மெல்பேர்ணில் ஒரு சிறிய குழுவில் அதற்கு முயன்றிருந்தேன். "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் உங்களை மேடையில் எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை" என்றார்கள். என்ன சொல்ல வருகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது, அந்த மேடையில் என் நிறத்தில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து சீலனிடம் "கடைசி வரிசையில நிப்பாட்டலாம்தானே, நான் என்ன ஆறடியோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

அதன்பிறகு நிரூ பிறந்தாள். சிட்னியில் ஒப்பெரா ஹவுஸில் பாடும் பெரிய குழு கோரஸுக்கு ஆள் எடுக்கிறது என்ற செய்தி வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். அது முழுநேர வேலை. வருடம் முழுவதும் பாட்டு. அதோடு இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு என் மூச்சு அடிவயிறு வரை இறங்கவே இல்லை. ஒப்பெராவுக்கு ஒலிபெருக்கி கிடையாது, முழுக்க மூச்சின் பலம்தான். மற்றது, நிரூ போத்தலைத் தொடமாட்டாள். எந்த ரப்பர் முனையை வாயில் வைத்தாலும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுவாள். ஆகவே நான் எங்கே போனாலும் அவளும் வந்தாக வேண்டும்.

நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். சீலன்தான் ஒரு நாள் பின்னேரம் வளாகத்திலிருந்து வந்தவுடன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "மூண்டு பேருக்கும் இடம் பதிஞ்சிட்டன். நீர் பாடும். நான் பிள்ளையைப் பாக்கிறன். பிள்ளைக்குப் பசிச்சா உம்மட்டைக் கொண்டு வந்து தாறன். அவ்வளவுதானே?"

இன்று சதர்ன் குரொஸ் என்று அழைக்கப்படும் நிலையம் அப்போது ஸ்பென்சர் வீதி நிலையம். ஏப்ரல் மாதக் காலைக் குளிர். சீலனின் ஒரு கையில் பெட்டி, மறுகையில் துணி நாப்கின்கள் அடைத்த பை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தேர்வுக்காகத் தைத்த நீலச் சட்டையைக் கசங்காமல் மடித்துக் கையில் வைத்திருந்தேன். சேலை கட்டலாம் என்று முதலில் நினைத்தேன். பாவாடை நாடாவை இறுக்கினால் மூச்சு இறங்காது, இறுக்காவிட்டால் சேலை நிற்காது. அதனால்தான் சட்டை.

சிட்னிக்கு ஏறக்குறைய தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். காலையில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் இறங்கலாம். சீமோர் வரை நிரூ தூங்கினாள். அதன்பிறகு பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தாள். வங்கரட்டாப் பக்கம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. கொழும்பில் வளர்ந்த எனக்கு, மரம் இப்படி நிறம் மாறுவது மூன்றாவது வருடமும் புதினமாகத்தான் இருந்தது. அல்பரியில் மறே ஆற்றைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். மதியத்துக்கு நான் கட்டிக்கொண்டு வந்த புட்டும் முட்டைப் பொரியலும். எதிரே இருந்த ஒரு முதிய தம்பதி வாசனை பிடித்து எட்டிப் பார்க்க, சீலன் அவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார். அந்த மனிதர் புட்டை மரத்தூள் என்று நினைத்திருக்க வேண்டும். மிகுந்த தைரியத்தோடு ஒரு வாய் சாப்பிட்டார், பிறகு இன்னும் கேட்டார்.

ஜூனி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் நடந்தது. சிட்னி நோக்கிப் போகும் பாதை அந்த மலைச்சரிவில் ஒரு வளையமாகச் சுற்றி, தன்னைத் தானே கடந்து மேலேறுகிறது. எங்களுக்கு அது தெரியாது. நிரூவின் முகத்தில் வெயில் பட்டது, நான் திரையை இழுத்தேன். சற்று நேரத்தில் வெயில் எதிர்ப்பக்கத்து யன்னலால் வந்தது. பிறகு மறுபடியும் எங்கள் பக்கம். "ரயில் வழி மாறிட்டுதோ?" என்று நான் பயந்துபோய்க் கேட்டேன். சீலன் யன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார்: "இஞ்ச பாரும், கீழ பாரும்! நாங்கள் வந்த தண்டவாளம்!"

சிட்னி சென்ட்ரலில் இறங்கி, சிவப்பு நிற உள்ளூர் ரயிலில் ஹோம்புஷ் போனோம். அங்கே சீலனின் பெரியப்பா மகள் றஞ்சி அக்கா இருந்தார். மருத்துவமனை ஒன்றில் தாதி. தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு, தனி ஆள். கதவைத் திறந்தவுடன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து, "குசினியில சோறு கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ. நான் இவவோட கதைக்க வேணும்" என்றார்.

மறுநாள் தேர்வு. நகரத்துக்குள்ளே ஒரு பழைய செங்கல் கட்டடம். மேல்மாடியில் ஒத்திகை மண்டபம், அதற்கு வெளியே நீளமான நடைபாதை, சுவரோரமாகக் கதிரைகள். எல்லாக் கதிரையிலும் பாடகர்கள். ஒருவர் உதட்டை மூடி ஹும் என்று சுருதி பிடித்துக்கொண்டிருந்தார், ஒருவர் சுவரைப் பார்த்து இத்தாலிய மொழியில் முணுமுணுத்தார். பிள்ளையோடு வந்தது நான் மட்டும்தான். காலையில் புறப்படும் முன் நிரூவுக்குப் பால் கொடுத்து, என் முறை முடியும் வரை அவள் தாங்குவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். உள்ளே ஒவ்வொருவரையும் நினைத்ததைவிட நீண்ட நேரம் வைத்திருந்தார்கள். கணக்குப் பிழைத்தது. எனக்கு முன்னால் ஒருவர்தான் மிச்சம் என்ற நேரத்தில் நிரூ தன் கைமுட்டியைச் சப்பத் தொடங்கினாள். அது அழுகைக்கு முதல் அறிவிப்பு.

பக்கத்தில் இருந்த ஹெலன் என்ற பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நியூகாசிலிலிருந்து வந்தவள், என்னைப் போலவே சற்றுத் தாழ்ந்த குரல். அதாவது அன்றைக்கு எனக்கு நேர்ப் போட்டி. எனக்கு அடுத்த முறை அவளுடையது. அவள் என் பக்கம் திரும்பி, "நீ போய்ப் பிள்ளைக்குக் கொடு. உன் இடத்தில் நான் போகிறேன்" என்றாள். நான் தயங்கினேன். "எப்படியும் எனக்குக் காத்திருக்கப் பிடிக்காது. எனக்கு வாந்தி வரும்போல இருக்கிறது, சீக்கிரம் முடிந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு, என் பெயர் கூப்பிடப்பட்டபோது அவளே எழுந்து உள்ளே போனாள்.

உடுப்பு மாற்றும் சிறிய அறையில் அவசரமாகப் பால் கொடுத்தேன். அவசரத்தை நிரூ ஏற்றுக்கொள்ளவில்லை. பாதியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தாள், சிரித்தாள். நீலச் சட்டையின் முன்பக்கம் நனைந்து கறுத்துப் போனது. கதவைத் திறந்து சீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் பழுப்பு நிற ஸ்வெட்டரைக் கழற்றித் தந்தார்.

"இதைப் போட்டுக்கொண்டோ?"

"அவையள் கேக்க வந்தவை. பாக்க வரேல்லை."

அப்படியே, முழங்கை வரை கையை மடித்துவிட்ட ஆண்பிள்ளை ஸ்வெட்டரோடு உள்ளே போனேன். ஒரு நீள மேசை, மூன்று பேர். பியானோவில் நரைத்த கூந்தலோடு ஒரு பெண்மணி. முதல் பாட்டு சுமாராகப் போனது. சுருதி பிசகவில்லை, ஆனால் நீண்ட வரிகளில் மூச்சு நெஞ்சோடு நின்றுகொண்டது. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். நடுவில் இருந்த மனிதர் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் நிரூ அழத் தொடங்கினாள். கனமான கதவுதான், ஆனாலும் நன்றாகக் கேட்டது. தாய்மாருக்குத் தெரியும், பிள்ளையின் அழுகை காதால் கேட்கிற சத்தம் மட்டும் இல்லை. உடம்பெல்லாம் அவள் பக்கம் இழுத்தது. கால்கள் கதவு நோக்கித் திரும்பப் பார்த்தன. ஓடிவிடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஒரு பெரிய மூச்சு எடுத்தேன். பல மாதங்களாக வராத மூச்சு அது, இடுப்பெலும்பு வரை இறங்கியது. அடுத்த வரியை அந்த மூச்சில் பாடினேன். அதற்கடுத்த வரியையும். மண்டபத்தின் பின் சுவரில் போய் என் குரல் பட்டுத் திரும்பியது எனக்கே கேட்டது. ஏன் அப்போது வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

பாடி முடித்ததும் ஒரு புதிய இசைத்தாளைத் தந்து, அந்த நிமிடமே பார்த்துப் பாடச் சொன்னார்கள். அது எனக்குச் சுலபம். கன்னியர் மடத்தில் அதைத்தான் எங்களுக்குச் சோறாக ஊட்டினார்கள். பிறகு நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "வெளியே அழுவது உங்கள் குழந்தையா?" என்று கேட்டார். ஆமென்றேன். "வேலை கிடைத்தால் குழந்தையை என்ன செய்வீர்கள்?"

நடைபாதையில் காத்திருந்த ஆண்களில் இரண்டு பேராவது தகப்பன்மார். அவர்களிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார். "அது எங்கள் வீட்டு விஷயம் ஐயா, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றேன். பியானோவில் இருந்த பெண்மணி தலையைக் குனிந்து இசைத்தாள்களை அடுக்கினார். அவர் சிரித்தார் என்று சீலனிடம் சொன்னேன். சிரித்தாரா என்பது நிச்சயமாகத் தெரியாது, ஆனால் அப்படித்தான் நம்புகிறேன்.

தேநீர் நேரத்துக்குப் பிறகு பெயர்களை வாசித்தார்கள். என் பெயர் இருந்தது. ஹெலனின் பெயர் இல்லை. அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டரைத் தடவி, "அடுத்த முறை நானும் ஒன்று போட்டுக்கொண்டு வருகிறேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடம் அவளும் வந்து சேர்ந்தாள், என் வரிசையிலேயே நின்று பாடினாள். இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு முதல் தொலைபேசி அவளுடையதுதான்.

மறுநாள் ஒப்பெரா ஹவுஸைப் பார்க்கப் போனோம். படங்களில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் கூரைகள் கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளை இல்லை. சில ஓடுகள் பளபளப்பு, சில மங்கலான பாலாடை நிறம். சீலன் கூரையின் அடிப்பகுதிக் கொங்கிறீட்டைத் தட்டிப் பார்த்து, கீழே என்ன மண், எவ்வளவு ஆழத்துக்குத் தூண் இறக்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூடி நிரூவுக்குப் பால் கொடுத்தேன். துறைமுகத்தில் படகுகள் போய் வந்தன. அந்தக் கட்டடத்துக்குள் நான் பாடப்போகிறேன் என்ற நினைப்பில் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. சீலனின் ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். வேலையோ சிட்னியில். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று பின்னேரம் றஞ்சி அக்காதான் பேச்சை எடுத்தார். "ஒரு அறை சும்மாதானே கிடக்கு. கீழ் வீட்டு கிரேக்க மனிசி பகலில பிள்ளையள் பாக்கிறவ. பின்னேரத்தில நான் நிப்பன். ஆனா யோசிச்சு வாரும் பிள்ளை. பேந்து என்னைக் குறை சொல்லப்படாது."

திரும்பும் ரயிலில் கௌல்பேர்ண் வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, "வேண்டாம் எண்டு சொல்லிப்போடுறன்" என்றேன்.

"ஏன்?"

"நீங்கள் கிளேட்டனில தனிய. நானும் பிள்ளையும் இஞ்ச. இது என்ன குடும்பம்? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"களிமண்ணைப் படிக்கிறன் எண்டும்தான் ஆக்கள் சிரிச்சவை, நான் அதைப் படிக்காமல் விட்டனோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இஞ்சேரும், நான் மண்ணைப் படிக்கிறன். அது எங்கயும் போகாது. உம்மட குரல் அப்படியில்லை. இப்ப இருக்கிற மாதிரி எப்பவும் இராது" என்றார்.

"பிள்ளை உங்களை மறந்திடும்."

நிரூ அவர் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டமண்ட்ரா போயிற்று, வாகா போயிற்று. மறே ஆற்றுப் பாலத்தில் ரயில் மெதுவானபோது அவர் பேசினார்.

"மறந்தா, திரும்பப் பழகிக்கொள்ளுவன்."

நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மெல்பேர்ண் வந்து சேருவதற்குள், எந்தெந்தச் சாமான் ஹோம்புஷ் போகும், எது கிளேட்டனில் நிற்கும் என்று பேசி முடித்துவிட்டோம்.

இனி, கேட்டவர்களுக்கான தகவல்கள். இப்போதும் தினமும் இரு பக்கமும் ரயில் ஓடுகிறது. பகல் ரயில் பதினொரு மணித்தியாலம் அளவில் எடுக்கும், தாமதத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் அன்றே முக்கியமான வேலை எதையும் வைக்காதீர்கள். இன்றைய கட்டணத்தை ரயில் சேவையின் இணையத்தளத்தில் பாருங்கள், நான் கொடுத்த விலை உங்களுக்கு உதவாது. ரயிலில் உணவு விற்பார்கள், ஆனாலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். புட்டு ஆறினாலும் நன்றாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் மரங்களின் நிறத்தைப் பார்க்கலாம். ஜூனி தாண்டியதும் கைத்தொலைபேசியைப் பைக்குள் போடுங்கள். சிட்னிக்குப் போகும்போது மட்டும்தான் அந்த வளையம், திரும்பும்போது ரயில் நேராக இறங்கிவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு மாற்று உடுப்பு எடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. பாட்டுத் தேர்வுக்கோ வேறு எந்தத் தேர்வுக்கோ போகிற இளம் தாய்மார் யாராவது இதை வாசித்தால், பிள்ளையை வைத்திருக்க உங்களோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உங்கள் மேல் நம்பிக்கை உள்ளவராக இருந்தால் போதும். பாட்டு அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சீலனுக்கு இன்றுவரை ஒரு சுரம் சரியாக வராது.

நான் பெரிய பாடகி ஆகவில்லை. பல வருடம் கோரஸில் பாடினேன். இடையிடையே பணிப்பெண், பூ விற்பவள் என்று சின்ன வேடங்கள், இரண்டு வரி, நாலு வரி. அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு வருடமும் சீலன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ரயிலில் வந்து போனார். வந்தவுடன் நிரூ அவரைக் கண்டு அழுவாள். சனிக்கிழமை எனக்கு மதியக் காட்சி இருக்கும், அவளை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது இருவரும் தரையில் படுத்துக் கிடப்பார்கள். அடுத்த முறை வரும்போது மறுபடியும் அழுகையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அவள் பேசத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், ஹோம்புஷ் வீட்டு யன்னலுக்குக் கீழே ரயில் ஒன்று போனது. நிரூ விரலை நீட்டி "அப்பா!" என்றாள். அடுத்த ரயில் போனது. அதற்கும் "அப்பா!" அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று ஒத்திகைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த வார இறுதியில் சீலன் வந்தபோது அழுதுகொண்டே இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பிழை இல்லையே. ரயிலிலதானே வாறன்" என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலருகே போய் நின்றார். கீழே பரமட்டாப் பக்கம் போகும் ரயில் ஒன்று வந்தது. நிரூ அவர் தோளில் இருந்தபடியே "அப்பா!" என்று கத்திக் கை காட்டினாள். சீலனும் அவளோடு சேர்ந்து ரயிலுக்குக் கை காட்டினார்.